ருக்மணி அக்காவின் இரண்டாம் ஞாயிற்றுச் சந்தை

செய்தி வந்த காலையில் நான் ருக்மணி அக்காவின் மேல் கோபமாக இருந்தேன். முதல் நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்: "ஞாயித்துக்கெழமைக்கு ஜமக்காளத்தையெல்லாம் வெயில்ல போட்டு எடுத்து வெக்கச் சொல்லுங்க." மூச்சு விடவே சிரமப்படுகிற மனுஷிக்கு ஜமக்காளத்தின் மேல் என்ன கரிசனம் என்று திட்டிக்கொண்டே மொட்டைமாடியில் அவற்றை உதறிக்கொண்டிருந்தேன். கீழே அவருடைய கணவர் ஆறுமுகம் அண்ணன் நின்று அண்ணாந்து பார்த்தார். "இப்ப என்னத்த கேட்டு விட்டிருக்காவ உங்க வீட்டம்மா?" என்று மேலேயிருந்தே கேட்டேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "அவ போயிட்டாளுங்க அம்மிணி" என்றார்.

கையில் இருந்த ஜமக்காளத்தை மடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் மடித்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பகுதித் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, அக்காவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நல்ல வார்த்தைக்கு வேறு ஆள் பார்த்திருக்கலாம். எனக்கு அவரைத் தெரியும். அதனால் நடந்ததைத்தான் எழுத முடியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்காவுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மத்திய சர்க்காரில் அப்பர் டிவிஷன் கிளார்க். நான் அதே செக்ஷனில் ஸ்டெனோ, அம்பாசமுத்திரத்துக்காரி. இரண்டு பேருக்கும் தில்லி ஜனக்புரியில் அடுத்தடுத்த வீடு. காலையில் ஆபீஸ்காரர்களுக்கென்றே ஓடும் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் போவோம், சாயங்காலம் அதிலேயே திரும்புவோம். தூங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் அவரைச் சகித்துக்கொண்டேன். சகித்துக்கொண்டேன் என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பஸ் வராத நாட்களில் நான் ஆட்டோ பிடிக்க ஓடுவேன். அக்கா நகரமாட்டார். "வந்துருமுங்க அம்மிணி, பொறுங்க" என்பார். நான் ஆபீஸ் போய் உட்கார்ந்து பாதி டிக்டேஷன் எடுத்து முடித்த பிறகு, முகமெல்லாம் சிரிப்போடு உள்ளே வருவார். "பாத்தீங்களா, வந்துருச்சு" என்பார். லேட் மார்க் விழுந்தது அவர் கணக்கிலேயே வராது. இப்படி ஒரு மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது, எப்படிக் கோபப்படாமல் இருப்பது?

தில்லிக்கு வந்த பெண்கள் எல்லாரையும்போல அவரும் குளிர்காலத்து மத்தியானங்களில் ஆபீஸ் புல்வெளியில் உட்கார்ந்து, பஞ்சாபிப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். கத்திரிப்பூ நிறத்தில் ஒரு ஆண்பிள்ளை ஸ்வெட்டர். ஆறுமுகம் அண்ணனுக்குத்தான் ஆரம்பித்தது. முடித்தபோது அதற்குள் இரண்டு ஆறுமுகம் அண்ணன் போகலாம். அதோடு இடது கை வலது கையைவிட நன்றாக நீளம்.

"எண்ணிப் பின்னியிருக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

"எண்ணித்தான் பின்னுனேனுங்க. பேசிக்கிட்டே எண்ணுனேன்" என்றார்.

இந்த ஸ்வெட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடிந்ததில்லை.

சந்தை ஆரம்பித்த கதை இது. ஏஷியாட் விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த சமயம். கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களில் விழுப்புரத்துப் பக்கத்துச் சின்னப்பொண்ணு, பகலில் செங்கல் சுமப்பாள், வேலை இல்லாத நாட்களில் பிளாஸ்டிக் ஒயர்க் கூடை போடுவாள். அக்கா அவளிடம் ஒரு நீலக் கூடை வாங்கியிருந்தார். ஒரு நாள் இரண்டு பேரும் மளிகை வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனோம். அங்கே ஒரு கடை வாசலில் அதே நீலக் கூடைகள் வரிசையாகத் தொங்கின. யார் செய்தது என்று அக்கா கேட்டார். கடைக்காரர், "மெஷீன் கா ஹை, பஹன்ஜி" என்றார்.

அக்கா அந்த இடத்தை விட்டு வர மறுத்துவிட்டார். மெஷின் இல்லை, இது சின்னப்பொண்ணுவின் முடிச்சு, அடியில் பாருங்கள் என்று தன்னுடைய ஹிந்தியில் அவருக்கு விளக்கினார். அவருடைய ஹிந்தி எப்படி இருக்கும் என்றால், கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்: "செஞ்சவங்களே உக்காந்து விக்கற மாதிரி ஒரு சந்தை போடோணுமுங்க அம்மிணி. வாங்கறவங்க அந்தக் கையப் பாக்கோணும்."

"யாரு வருவா?" என்றேன்.

"வருவாங்க" என்றார்.

அப்படித்தான் எங்கள் பார்க்கில், மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தை என்று ஆயிற்று. ஒரே ஒரு சட்டம். எவர் செய்தாரோ அவரே உட்கார்ந்து விற்க வேண்டும். அவர் வராவிட்டால் அவர் பொருளும் வரக் கூடாது. என்ன கொண்டுவருவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வோம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "அவங்கவங்க கைக்கு எது வருதோ அதக் கொண்டாரட்டுங்க" என்றுவிட்டார்.

முதல் ஞாயிறு வந்தது. எல்லாப் பெண்களும் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தார்கள். நானும்தான். சின்னப்பொண்ணுவின் கூடைகளையும் அக்காவின் ஸ்வெட்டரையும் தவிர, பார்க் முழுக்க ஊறுகாய். கெட்டிக்காரத்தனமாக ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல் வேறு போட்டிருக்கிறோம். தமிழ் வீடுகளில் எந்த வீட்டில் ஊறுகாய் இல்லை? மரியாதைக்காக ஆளுக்கு ஒரு பாட்டில் என் ஊறுகாயை அவர்களும் அவர்கள் ஊறுகாயை நானும் வாங்கிக்கொண்டோம்.

அதைவிடப் பெரிய கூத்து விசாலம் மாமி செய்தது. மாமியின் கணவர் டெபுடி செக்ரட்டரி. தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று மாமி பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பஞ்சாபிப் பெண் குனிந்து, ருசி பார்த்து, விலை கேட்டாள். மாமி பதறிப்போய், "காசெல்லாம் எதுக்கு, சும்மா எடுத்துண்டு போங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, இரண்டு பாட்டிலைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார். அதைப் பார்த்த மற்றவர்களுக்கும் காசு கேட்க வெட்கமாகப் போயிற்று. மீதி ஊறுகாய் அத்தனையும் இனாமாகப் போயிற்று.

"நல்லா இருக்குக்கா உங்க சந்தை. அடுத்த மாசம் இலை போட்டுச் சோறும் போட்டிருவோம்" என்றேன்.

அக்காவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "தின்னு பாத்தவங்க திரும்ப வருவாங்கல்ல அம்மிணி" என்றார்.

அது நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த மாதம் அந்தப் பஞ்சாபிப் பெண் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குள் பருப்புப்பொடி, அப்பளம், துணிப்பை, கொலு பொம்மை என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வைத்திருந்தோம். பிரித்தது நான். பெயர் அக்காவுக்கு.

பிறகு இடத் தகராறு. மர நிழலில் யார், வெயிலில் யார் என்று அதிகாரி வீட்டுப் பெண்களும் கிளார்க் வீட்டுப் பெண்களும் முறைத்துக்கொண்டார்கள். அக்கா சோடா மூடிகளைப் பொறுக்கி, உள்பக்கம் பெயின்டால் எண் எழுதி ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டார். மாதா மாதம் அவரவர் கையை விட்டு எடுக்க வேண்டும். எந்த எண் வருகிறதோ அந்த இடம். முதல் தடவையே விசாலம் மாமிக்குச் சின்னப்பொண்ணுவின் பக்கத்து இடம் வந்தது. மாமி மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இன்னிக்குத் தலைவலியா இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் பருப்புப்பொடியை வேலைக்காரியிடம் கொடுத்து அனுப்பினார். அக்கா அதை மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பினார்.

"அவிய வரமாட்டாவ. பொடியாவது இருந்துட்டுப் போகட்டுமே. சட்டத்தைக் கட்டிக்கிட்டு என்ன செய்யப் போறீய?" என்று கேட்டேன்.

"மாமியே வருவாங்க. பொடி மட்டும் வந்தா அப்புறம் மாமி எதுக்குங்க வருவாங்க?"

மாமியோடு அவருடைய சிநேகிதிகளும் நின்றுவிட்டார்கள். மே மாதம் ஆந்தி என்கிற புழுதிப்புயல் அடித்து அப்பளமெல்லாம் பார்க் சுவரைத் தாண்டிப் பறந்தது. ஜனவரி மூடுபனியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியவில்லை. வாங்க வருகிறவர் எங்கிருந்து வருவார்? அக்கா ஜமக்காளத்தை விரித்து, அந்தக் கத்திரிப்பூ ஸ்வெட்டரை நீவி வைத்து, அது முதல் முறையாகக் கடைக்கு வந்தது போல உட்கார்ந்திருப்பார். சட்டம் அவருக்கும் உண்டல்லவா, அவர் கையால் செய்தது அது ஒன்றுதான். எடுத்துப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், சிரித்துவிட்டு வைப்பார்கள். "பிரிச்சு வேற பின்னுங்கக்கா, இந்த மானக்கேட்டப் பாக்க முடியல" என்பேன். "ஒரு கை நீளமா இருக்கறவங்க ஒருத்தர் வராமயா போயிருவாங்க?" என்பார். அவர் வேடிக்கையாகச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சந்தை செத்துப்போக வேண்டிய நேரம் ஒன்று வந்தது. ஒரு கடைக்காரர் ஸ்கூட்டரில் வந்து எல்லாவற்றையும் பார்த்தார். கூடை, பொடி, பொம்மை எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் ஏன் வெயிலில் காய்கிறீர்கள், வீட்டிலேயே செய்து கொடுங்கள் என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. நான்தான் முதலில் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது துணி துவைத்து, தலைக்குக் குளித்து, படுத்துக் கிடக்கலாமே. அக்கா மட்டும் முடியாது என்றார். யார் செய்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று கேட்டார். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் கத்தினேன். பார்க்கில் அத்தனை பேர் முன்னிலையில் கத்தினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஸ்வெட்டரை நீவினார்.

அவருக்கு உண்மையில் வலித்தது, சின்னப்பொண்ணுவும் அந்தக் கடைக்காரரோடு போனதுதான். யாருக்காகச் சந்தையை ஆரம்பித்தாரோ அவளே போய்விட்டாள். போகிறவளைக் குறை சொல்ல முடியுமா? நிச்சயமான வரும்படி. "போய்ப் பாக்கட்டுமுங்க, நல்லதுதான்" என்று அக்கா சொன்னார். மறுநாள் பஸ் ஸ்டாப்பில் என்னைவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அடுத்த இரண்டாம் ஞாயிறு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்க்கில் ஒரே ஒரு ஜமக்காளம். அதன் மேல் அக்கா, ஸ்வெட்டர், பக்கத்தில் பிஸ்கெட் டின். சோடா மூடியைக் குலுக்கி எடுத்துத் தனக்குத் தானே இடம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனேன்.

"யாருக்காகக்கா இந்தக் குலுக்கல்?"

"வெயில்ல எடம் விழுந்துருச்சுங்க அம்மிணி. நீங்க எடுத்துப் பாருங்க, உங்களுக்கு நெழல் வந்தாலும் வரும்."

எனக்கும் வெயில்தான் விழுந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் வீட்டுக்குப் போய் ஊறுகாய் பாட்டில்களை எடுத்து வந்தேன், சும்மா உட்கார முடியாதென்று. அப்படியே பல ஞாயிறுகள் போயின. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையில் கூடை அடுக்கோடு சின்னப்பொண்ணு வந்து இறக்கினாள். கடைக்காரர் காசு தரவில்லையா என்று கேட்டேன். "காசெல்லாம் ஒழுங்காத்தான் குடுத்தாருக்கா. கூடயக் குடுத்தா வாங்கி வச்சிக்கிறாரு, வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. இங்கன்னா நாலு பேரோட மல்லுக்கு நிக்கலாம்" என்றாள். பஞ்சாபிப் பெண்களோடு அரைகுறை ஹிந்தியில் விலைக்குச் சண்டை போடுவதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி. அக்கா டின்னை நீட்டினார்.

அவள் சத்தம் கேட்டு மற்றவர்களும் மெல்ல எட்டிப் பார்த்தார்கள். விசாலம் மாமியும் வந்தார். மூடி எடுத்தார், மறுபடியும் சின்னப்பொண்ணுவின் பக்கம். இந்த முறை தலைவலி வரவில்லை. மாமிக்குக் காசு கேட்க வாய் வராது. சின்னப்பொண்ணு மாமிக்கும் சேர்த்துச் சண்டை போட்டாள். "அவாட்ட அப்படிக் கத்தாதேடி, பாவம்" என்று மாமி அடக்குவார். பிறகு காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார். பாதைக்கு முதுகைக் காட்டுவது எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

இதற்காக அக்கா ஒரு நாளாவது, "பாத்தீங்களா, நான் சொன்னேனே" என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பஸ்ஸுக்குச் சொல்வார், இதற்குச் சொல்லவில்லை.

தீபாவளி கழிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயம் வீங்கிப் பலவீனமாகிவிட்டது என்றார்கள். நான் போனபோது, "இங்க வெயில் வரமாட்டேங்குது. பார்க்ல எப்படிங்க?" என்று கேட்டார். பேசாமல் படுங்கள் என்று அதட்டினேன். தான் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சட்டத்தை மாற்றிவிடாதீர்கள் என்றார். "மாத்தத்தான் போறேன். வேலைக்காரி, டிரைவர், எல்லாரையும் விட்டு விக்கச் சொல்லப் போறேன்" என்றேன். சிரித்தார். அதுதான் கடைசிச் சிரிப்பு என்று தெரிந்திருந்தால் அதட்டாமல் இருந்திருப்பேனா என்றால், மாட்டேன். அதட்டினால்தான் அவருக்கு நான் வந்திருப்பதே தெரியும்.

அவர் போன வாரத்திலேயே இரண்டாம் ஞாயிறு வந்தது. சந்தை கிடையாது என்று சொல்லிவிட நினைத்தேன். ஆனால் ஜமக்காளங்கள் வெயிலில் காய்ந்து தயாராக இருந்தன. காலையிலேயே சின்னப்பொண்ணு வந்துவிட்டாள். மாமி வந்தார். ஒருவர் விடாமல் வந்தார்கள். ஆறுமுகம் அண்ணன் பிஸ்கெட் டின்னையும் ஸ்வெட்டரையும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "இதையும் வெச்சிருங்க அம்மிணி" என்றார். எல்லாரும் மூடி எடுத்த பிறகு டின்னில் ஒன்று மிச்சம் கிடந்தது. நல்ல வெயில் படுகிற இடம். அங்கே ஸ்வெட்டரை விரித்து வைத்தோம். விற்க இல்லை, சும்மா இருக்கட்டும் என்று நான் சொன்னேன்.

எங்கள் பிளாக்கில் ராக்காவலுக்குப் புதிதாக வந்திருக்கும் கட்வால் மலைக்காரரான சௌகிதார் அந்தப் பக்கம் வந்தார். வயதானவர், ஒல்லி. ஸ்வெட்டரை எடுத்துச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். இடது கை விரல்களையெல்லாம் மூடிக்கொண்டு தொங்கியது. இப்போது சிரிப்பார், கழற்றி வைப்பார் என்று காத்திருந்தேன். அவர் அந்தக் கையால் தன் தடியைப் பிடித்துப் பார்த்தார். தடி பிடிக்கிற கைதான் ராத்திரியெல்லாம் விறைத்துப் போகிறது, இது நல்லது என்றார். விலை என்ன என்று கேட்டார்.

இத்தனை வருஷம் கழித்து.

"குடுத்துடுக்கா" என்றாள் சின்னப்பொண்ணு. "கொடுத்துடேன்டி, அவ சந்தோஷப்படுவா" என்றார் மாமி. அந்தச் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கத்தியவள் நான். எனக்கு வாயில் விலை வரவில்லை. செய்தவர்தான் விற்க வேண்டும், நாங்கள் விற்கக் கூடாது என்று ஹிந்தியில் அவரிடம் சொன்னேன். போட்டுக்கொண்டு போங்கள், விலையை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அவங்க எப்போ வருவாங்க?" என்று கேட்டார்.

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறுமுகம் அண்ணன் தரையைப் பார்த்தார்.

"வருவாங்க" என்றேன். "கொஞ்சம் பொறுங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு கை தொங்கத் தொங்க நடந்து போனார். நேற்றும் பால் பூத்தில் என்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் பிளாக்கில் இதுவரை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்கா, உங்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுபோயிருக்கிறது. இனி மாதா மாதம் அந்த மனுஷர் வந்து கேட்பார்; நானும் உங்களைப் போலவே உட்கார்ந்துகொண்டு அதையே சொல்ல வேண்டும். என்னை இப்படி மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஜமக்காளத்தை மடித்து வைத்திருக்கிறேன், டின் என் வீட்டில்தான் இருக்கிறது. போய் வாருங்கள் அக்கா.